தனலெட்சுமியின் ஓட்டைக்குக் கிடைத்த பதிவெண்

போன மாதம் கிள்ளானிலிருந்து ஓர் இளைஞர் போன் செய்தார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற திறந்தவெளிக் காட்சியகத்தில் இப்போது பொருள்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பாம். மிகவும் மரியாதையான பிள்ளை.

"ஆன்டி, ஸ்டோர்ல ஒரு இரும்புத் தகடு கெடக்கு. நடுவுல பெரிய ஓட்ட. அதுக்கு நம்பர் வேற போட்டிருக்கு, கூடவே ஒரு டிராயிங், அதுல உங்க சைன். இங்க ரெனோவேஷன் நடக்குது லா. ஸ்கிராப்புக்குப் போட்டுடலாமா?"

"போடாதீங்க தம்பி."

"இல்ல ஆன்டி, ஓட்டத் தகடு. நல்ல தகடு நெறைய இருக்கு."

அந்தக் காட்சியகத்தில் நல்ல தகடும் இருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி. ஏன் போடக் கூடாது என்பதை எழுதித் தருகிறேன் என்றேன். "சுருக்கமா எழுதுங்க ஆன்டி, ஸ்கிரீன்ல அஞ்சு வரிதான் கொள்ளும்" என்றார். அந்த ஐந்து வரியை அவரே எழுதிக்கொள்ளட்டும். கொள்ளாமல் போன மிச்சம் இது.

நான் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். பள்ளி முடிந்ததும் அரசாங்க வரைபட அலுவலகம் ஒன்றில் டிரேசர் வேலை கிடைத்தது. இன்ஜினியர் பென்சிலில் போட்ட கோட்டின் மேல் மெழுகுத் துணியை விரித்து, மையால் அப்படியே பிரதி எடுக்க வேண்டும். யோசிக்கக் கூடாது, கை நடுங்கக் கூடாது. இரண்டும் எனக்கு நன்றாக வந்தது. வருடக்கணக்கில் சாக்கடைகளாக வரைந்தேன். மழை பெய்தால் கோலாலம்பூரில் எந்தத் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறதோ, அந்தத் தெருவின் சாக்கடையை நான் மிக அழகாக வரைந்திருப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் கிள்ளானுக்கு மாற்றினார்கள். பழைய படகுகளையும் இரும்புப் பட்டறைச் சாமான்களையும் வைத்து ஒரு திறந்தவெளிக் காட்சியகம் வரப்போகிறது, அளவெடுத்து வரைய ஆள் வேண்டும் என்றார்கள். ஐரோப்பாவுக்குப் போய் வந்த ஒருவர் அங்கே கால்வாயில் பழைய படகுகள் மிதப்பதைப் பார்த்துவிட்டாராம். எனவே இங்கேயும் ஒரு கால்வாய் வெட்டினார்கள். அது எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் போகவில்லை. இரண்டு முனையும் சிமெண்ட் பூசி அடைத்திருந்தது. கூப்பிடு தூரத்தில் கிள்ளான் ஆறு சும்மாதான் ஓடிக்கொண்டிருந்தது. கால்வாயில் முதலில் குடியேறியவை கொசுக்கள். சுகாதார அதிகாரிகள் வந்து, ஓர் அரசாங்கக் கால்வாய்க்கு இன்னோர் அரசாங்க அலுவலகத்தின் பெயரில் அபராதம் எழுதிவிட்டுப் போனார்கள்.

கால்வாய்க்குப் பக்கத்தில் கொல்லன் பட்டறை ஒன்று இருந்தது. பாதுகாப்பு விதிப்படி அங்கே நெருப்பு மூட்டக் கூடாது. ஆகவே உலையில் கரிக்கு அடியில் சிவப்பு பல்பு ஒன்று பொருத்தி, மேலே ஜிகினாத் தாளை வைத்து, பின்னாலிருந்து மேசைக் காற்றாடியைச் சுழல விட்டார்கள். அதன் முன்னால் நின்று சூடாக்காத பச்சை இரும்பைச் சம்மட்டியால் தட்டிக் காட்டுவது ஆறுமுகம் அண்ணனுக்கு வேலை. ரயில்வே பட்டறையில் ஆயுசெல்லாம் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடித்து ஓய்வு பெற்றவர். அவமானமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

"அவமானம் என்னாம்மா? அத்தன வருஷம் நெருப்புல வெந்தேன். இப்ப பல்பு பியூஸ் போனா எனக்கு லீவு."

எங்கள் மேலதிகாரி திரு. குலசிங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்த குடும்பம். பிரிக்பீல்ட்ஸில்தான் அவரும் வளர்ந்தார், ஆனால் பேச்சு இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை. இங்கிலாந்தில் படித்தவர். வெயிலோ மழையோ, கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அதை விரித்து நான் பார்த்ததில்லை. அதன் நுனியால் கண்ட இரும்பையெல்லாம் தட்டுவார், காதைச் சாய்த்துக் கேட்பார், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுவார். அலுவலகத்தில் உட்கார மாட்டார். அவர் நிற்பதால் மற்றவர்களும் நிற்க வேண்டியிருந்தது. அவர் தலை மறைந்தால் நாங்கள் எல்லோரும் குடையை எடுத்துத் தட்டுவது போல நடித்துச் சிரிப்போம். வீட்டில் நாற்காலியைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் உட்காருவார் என்பது ஆறுமுகம் அண்ணன் கட்டிவிட்ட கதை.

அளவெடுக்கும் முறை என்று ஒன்றை அவர் வைத்திருந்தார். கோயில் பூசையில்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது. படகின் மேலிருக்கும் சேற்றை மூங்கில் தூரிகையால்தான் தேய்க்க வேண்டும், கம்பித் தூரிகை கூடாது. பிறகு முன்முனையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு தகட்டுக்கும் சாக்பீஸில் எண் போட வேண்டும். தூக்குக்குண்டு கட்டி, டேப் பிடித்து, ரிவெட்டுகளை ஒன்று விடாமல் குறிக்க வேண்டும். வளைவு வந்தால் மெல்லிய ஈயக் கம்பியை அதன் மேல் அழுத்தி, அந்த வடிவம் கலையாமல் தூக்கிக்கொண்டு வந்து தாளில் வைத்துக் கோடு இழுக்க வேண்டும். படகின் வெளிப்பக்கத்தை ஒரு நாள் வரைந்தால் உள்பக்கத்தை இன்னொரு நாள்தான் வரைய வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது:

"ஒரே நாளிலை வரைஞ்சால் வெளியிலை கண்டதை உள்ளுக்கையும் போட்டுவிடுவீர், பிள்ளை. கண்டதை வரையும். நினைச்சதை வரைய வேண்டாம்."

யோசிக்காமல் வரைவதற்காகவே சம்பளம் வாங்கியவளிடம் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? தலையாட்டினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் 'தனலெட்சுமி' வந்தாள். இரும்புத் தொங்காங். அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும், சரக்கை இறக்கித் துறைமுகத்துக்குக் கொண்டு வருவது இந்தத் தட்டைப் படகுகள்தான். தனலெட்சுமி நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பே ஆற்றில் மூழ்கியவள். ஆற்றை ஆழப்படுத்தும்போது சேற்றிலிருந்து அகப்பட்டாள். படகின் சொந்தக்காரர் மகன், டத்தோ என்ற கௌரவப் பட்டம் வாங்கிய வைரப்பன், அதைக் காட்சியகத்துக்கு அன்பளிப்பாகத் தந்தார். சேற்றிலிருந்து எடுத்த செலவு அரசாங்கத்துடையது, அன்பளிப்பு அவருடையது.

டத்தோ நல்ல உயரம், நல்ல குரல். படகுக்கு முன் வைக்க வேண்டிய அறிவிப்பையும் தானே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். 'குடித்துவிட்டுத் தூங்கிய தண்டல் மாரிமுத்துவின் அலட்சியத்தால், தண்ணீருக்குள் இருந்த தூணில் மோதி தனலெட்சுமி மூழ்கியது. தண்டலும் மாண்டார். ஆயினும் நிறுவனர் மனம் தளரவில்லை' என்று அது போயிற்று. தண்டல் என்றால் படகில் வேலை செய்பவர்களுக்குத் தலைவர்.

"அப்பா அன்னிக்கு அழுதாருங்க. அப்புறம் இன்சூரன்ஸ் காப்புறுதிக் காசு வந்திச்சு. அதுல மொத லோரி வாங்கினாரு. இன்னிக்கு எங்க கம்பெனி இருக்குன்னா அந்த லோரிதான். இதையும் போர்டுல சேத்துக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்ல" என்றார்.

குலசிங்கம் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "முதலிலை படகை அளக்க வேணும்" என்றார். அளந்து முடிக்காத பொருளுக்கு அறிவிப்பு வைப்பது அவர் முறையில் இல்லை.

அளந்தேன். படகின் பின்பக்க அறையில், தண்ணீர்மட்டத்துக்குக் கீழே வரும் தகட்டில் ஓட்டை இருந்தது. ஒரு மூட்டையைத் தள்ளலாம் போன்ற அகலம். வெளிப்பக்கத்தை முதல் நாள் வழக்கம்போல யோசிக்காமல் வரைந்தேன். மறுநாள் உள்ளே இறங்கி ஈயக் கம்பியை விளிம்பில் அழுத்தித் தாளில் வைத்தபோது, வளைவு தலைகீழாக வந்தது. தூணில் மோதின படகுக்குத் தகடு உள்ளே அல்லவா மடங்க வேண்டும்? இது வெளியே பூத்திருந்தது. கம்பியை மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதுவேதான்.

குலசிங்கம் வந்தார். தாளைப் பார்த்தார். தன் குண்டு உடம்போடு அறைக்குள் இறங்கினார். உள்ளேயிருந்து குடை தட்டும் சத்தம் வெகுநேரம் வந்துகொண்டிருந்தது. பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டி, "ஆறுமுகத்தைக் கூப்பிடும்" என்றார்.

ஆறுமுகம் அண்ணன் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறினார். "இது மோதின ஓட்ட இல்ல சார். அடிச்ச ஓட்ட."

"எப்பிடித் தெரியும்?"

"ரிவெட்டுத் தலைய வரிசையா ஒன்னொன்னா வெட்டியிருக்கு. அப்புறம் கடப்பாரைய குடுத்துத் தகட்ட வெளிய நெம்பியிருக்கு. தண்ணிக்குள்ள கெடக்குற தூணு உளி புடிச்சு வெட்டுமா?"

குலசிங்கம் கைக்குட்டையை எடுத்துக் குடையின் நுனியைத் துடைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பிள்ளை, இந்தத் தகட்டைப் பெரிசாக வரையும். ஒவ்வொரு உளி வெட்டும் தெரிய வேணும்" என்றார். கோடு இழுக்கும்போது நான் யோசிக்க ஆரம்பித்தது அப்போதுதான். அவ்வளவு காலத்தில் அதுதான் முதல்முறை. செத்துப்போன ஒரு மனிதரின் பெயர் அந்தக் கோட்டில் இருந்தது.

சில நாளில் டத்தோ வந்தார். திறப்பு விழாவில் தலைநகரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார், அவர் தனலெட்சுமியின் மேல் ஏறி நின்று கையசைக்க வேண்டும், அதற்குப் படகு மிதக்க வேண்டும், ஆகவே ஓட்டைத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு போடுங்கள் என்றார். குலசிங்கம் என் வரைபடத்தை அவரிடம் விரித்துக் காட்டினார். நானும் பக்கத்தில் நின்றேன். டத்தோ அதைப் பார்த்தார். கூர்ந்து பார்க்கவில்லை, ஆனால் வேண்டிய அளவு பார்த்தார்.

"அதாவது, அந்தக் குடிகாரந்தான் ஓட்ட போட்டிருக்கான்னு சொல்றீங்க."

"இருக்கலாம். ஆர் செய்ததெண்டு இரும்பு சொல்லாது. எந்தப் பக்கமிருந்து எண்டு மட்டும்தான் சொல்லும்" என்றார் குலசிங்கம். "ஆனால் டத்தோ, அவர்தான் போட்டதெண்டால் அவர் நித்திரை கொள்ளேல்லை. உங்கடை தாளிலை நித்திரை எண்டெல்லோ இருக்கு?"

டத்தோ சிரித்தார். "மிஸ்டர் குலசிங்கம், இது மியூசியம் லா. கோர்ட் இல்ல. பழைய இரும்புக்கு இவ்வளவு பேச்சு வேணுமா?"

"பழைய இரும்பைப் பற்றிப் பேசத்தான் எனக்குச் சம்பளம்."

"அது எத்தன நாளைக்குன்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு டத்தோ காரில் ஏறினார். மரியாதையாகத்தான் சொன்னார்.

வாரம் முடிவதற்குள் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. சாதாரணமாக ஒரு டப்பா வார்னிஷ் கேட்டு எழுதினால் பதில் வருவதற்குள் அந்தச் சாமான் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். இது மட்டும் பறந்து வந்தது. தகட்டை அகற்றிவிட்டு, விழாவுக்கு முன் புதியது பொருத்த வேண்டும்.

அன்று குலசிங்கத்தைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. "சார், நீங்க ஒத்துக்கக் கூடாது" என்றேன். நாங்கள் யாரும் அவரிடம் அப்படிப் பேசினதில்லை.

"உத்தரவை மீறுறது என்ரை வழக்கமில்லை, பிள்ளை" என்றார். வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன். ஆறுமுகம் அண்ணன் அடக்கிக்கொள்ளவில்லை. "குடையைத் தட்டுறதுக்குத்தான் லாயக்கு" என்று அவர் காதில் விழும்படியே முணுமுணுத்தார்.

குலசிங்கம் உத்தரவை மறுபடி வாசித்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்தார். "அகற்றச் சொல்லித்தான் எழுதியிருக்கினம். எறியச் சொல்லி எழுதேல்லை. தகட்டை முழுசாக, ஒரு ரிவெட்டும் சிதையாமல் வெட்டி எடும். படகிலிருந்து பிரிச்ச பாகம் ஒரு தனிப் பொருள். விதி அப்பிடித்தான். தனிப் பொருளுக்குத் தனிப் பதிவெண் வேணும். பதிவெண் இருந்தால் காட்சிக்கு வைக்கலாம்."

ஆறுமுகம் அண்ணனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கினதும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தார்.

பதிவெண் விண்ணப்பத்தில் 'பொருளின் பெயர்' என்ற இடத்தில் குலசிங்கம் 'ஓட்டை' என்று எழுதவில்லை, 'தகடு, ஒன்று' என்று எழுதினார். தலைமை அலுவலகத்தில் தகடு ஒன்றுக்கு எண் கேட்டால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எண் வந்தது. படகின் இருட்டு அறைக்குள் யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் இருந்த ஓட்டை, கொல்லன் பட்டறைச் சுவரில், நிற்கிற மனிதரின் கண்மட்டத்துக்கு வந்து சேர்ந்தது. கீழே ஓர் அறிவிப்பு: 'தனலெட்சுமி தொங்காங்கின் பின்பக்கத் தகடு. துளையின் விளிம்பு உள்ளிருந்து வெளிப்புறமாக வளைந்துள்ளது.' அவ்வளவுதான். டத்தோ கொடுத்த தாளைப் பற்றிக் கேட்டபோது, அதற்குப் போதிய அளவீடு இல்லை என்றார்.

திறப்பு விழா நன்றாக நடந்தது, கொஞ்ச நேரத்துக்கு. தனலெட்சுமிக்கு மாலை போட்டிருந்தார்கள். புதுத் தகடு மட்டும் மினுமினுத்தது. அந்தத் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இறங்கவில்லை, ஆறுமுகம் அண்ணன் வேலை அப்படி. ஆனால் மற்றத் தகடுகள் சேற்றில் கிடந்தவை. பெரிய மனிதரும் டத்தோவும் சுற்றத்தாரும் மொத்தமாக ஏறி நின்றதும், பழைய மூட்டுகளெல்லாம் ஒரே நேரத்தில் வாய் திறந்தன. பெரிய மனிதர் கையசைத்துக்கொண்டே இருந்தார். காலுக்குக் கீழே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. யாரும் இறங்கச் சொல்லவில்லை, ஏனென்றால் நிகழ்ச்சி நிரலில் இறங்குவது தேசிய கீதத்துக்குப் பிறகுதான். பாட்டு முடிந்தபோது தண்ணீர் கணுக்கால் வரை வந்திருந்தது. கால்வாய் ஆழமில்லாததால் படகு மூழ்கவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டது. டத்தோவின் வெள்ளைச் சப்பாத்து கால்வாயின் நிறத்துக்கு வந்திருந்தது. கொசுமுட்டைகளைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஈரக் காலோடு எல்லோரும் பட்டறைக்குள் ஒதுங்கினார்கள். பத்திரிகைக்காரர் படம் கேட்டார். பின்னணி எதுவும் சரியாக இல்லை, அந்தத் தகடு ஒன்றுதான் அகலமாக இருந்தது. டத்தோ அதன் பக்கத்தில் நின்று, ஒரு கையை அதன் மேல் வைத்துச் சிரித்தார். அறிவிப்பை அவர் வாசிக்கவில்லை. பெரும்பாலும் யாரும் அறிவிப்புகளை வாசிப்பதில்லை. இது எல்லாக் காட்சியகங்களுக்கும் பொருந்தும்.

மறுநாள் படம் வந்தது. அச்சில் அறிவிப்பு தெளிவாகத் தெரிந்தது. டத்தோவுக்கு யாரோ வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். இரண்டாவது உத்தரவும் பறந்து வந்தது. தகடு ஸ்டோருக்கு. குலசிங்கம் சுங்கை பூலோவில் உடைந்த பானைகளை எண்ணும் கிடங்குக்கு. தகட்டை எறிந்துவிடவும் கேட்டிருந்தார்கள். ஆனால் பதிவெண் பெற்ற பொருளை எறிய ஒரு குழு கூட வேண்டும். அந்தக் குழு நான் ஓய்வு பெறும்வரை கூடவில்லை. இன்னும் கூடவில்லை என்று நம்புகிறேன்.

குலசிங்கம் பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருந்த வாரத்தில், காலையில் ஒரு வயதான அம்மா டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். கிள்ளான் பாசார் சந்தையில் வெற்றிலை விற்பவர். கையில் மடித்த பத்திரிகை. என்னிடம் நீட்டி, "இந்தப் படகு எங்கம்மா இருக்கு?" என்றார்.

"படகு வெளிய இருக்கு. நீங்க யாரும்மா?"

"பாக்கியம். தண்டல் மாரிமுத்து வீட்டுக்காரி."

நான் குலசிங்கத்தைப் பார்த்தேன். தகடு இன்னும் சுவரில்தான் இருந்தது, கழற்ற ஆள் மத்தியானம்தான் வருவதாக இருந்தது. குலசிங்கம் அந்த அம்மாவை அதன் முன்னால் கூட்டிக்கொண்டு போனார். படிக்கத் தெரியாது, பத்திரிகையும் பக்கத்துக் கடைக்காரி வாசித்துச் சொன்னதுதான் என்றார் அந்த அம்மா. குலசிங்கம் அறிவிப்பை வாசித்தார். அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. ஆறுமுகம் அண்ணன் குறுக்கே வந்து, "உள்ளேருந்து யாரோ வெட்டித் தொறந்துவிட்ட ஓட்டைம்மா. படகு எதுலயும் மோதல" என்றார்.

அந்த அம்மா தகட்டுக்கு இன்னும் கிட்டே போனார். பிறகு தொடலாமா என்று கேட்டார். காட்சிப் பொருளைக் கையால் தொட்டால் வியர்வை பட்டுத் துருப் பிடிக்கும் என்று பள்ளிப் பிள்ளைகளை விரட்டுகிற மனிதர் குலசிங்கம். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறையை எடுத்தார். அந்த அம்மாவின் விரல்கள் வளைந்திருந்தன. ஒவ்வொரு விரலாக அவரே போட்டுவிட்டார். அந்த அம்மா ஓட்டைக்குள் கையை விட்டு, விளிம்பை வெளிப்பக்கமாகத் தடவிக்கொண்டே வந்தார். உளி வெட்டுகளில் விரல் ஒவ்வொன்றாக நின்றது.

"அவர் குடிகாரர் எண்டு எழுதிவைச்சது பிழை, அம்மா" என்றார் குலசிங்கம். அளக்காத ஒன்றை அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அந்த அம்மா கையுறையைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, அவரிடம் கொடுத்தார்.

"பிழையில்லய்யா. நல்லாவே குடிப்பாரு. எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு மட்டும் குடிக்கலன்னுதான் நான் அப்ப எல்லார்கிட்டயும் சொன்னேன்."

அந்த அம்மா படகைப் பார்க்கவும் வெளியே போகவில்லை. வெற்றிலைக் கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், போகணும் என்றார்.